பச்சைப் பட்டன் வேலை செய்யாதது சம்பந்தமாக

கெலவரப்பள்ளி அணைக்கு மேற்கே,
ரோஜாத் தோட்டத்து வீட்டிலிருந்து.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ஆனந்த் அவர்களுக்கு, மாமனார் திம்மராயன் எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீங்களும் என் மகள் சுஜாதாவும் சுகமாக இருக்க ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகமா என்பதை நீங்கள் செய்து கொடுத்த பட்டன்தான் தெரிவிக்க வேண்டும். அது தெரிவிக்க மறுப்பதால் பேப்பர் எடுத்தேன். பேப்பரில் விரல் வைத்தால் பேப்பர் பெரிதாவதில்லை, முந்தின பக்கத்துக்கு ஓடுவதில்லை, ‘காப்பி பண்ணவா’ என்று கேட்பதில்லை. இவ்வளவு நல்ல சாமானை எதுக்கோசரம் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சுஜாதா தினமும் காலையில எனக்குப் போன் பண்ணுவா. அவளுக்கோ அந்நேரம் ஆபீஸ் மீட்டிங், எனக்கோ பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. அதைப் பார்த்து நீங்க பாவப்பட்டு ஒரு வெப் பக்கம் செஞ்சு என் போன்ல போட்டீங்க. நடுவுல சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு பச்சைப் பட்டன், அதும்மேல ‘நல்லா இருக்கேன்’னு எழுத்து. "மாமா, எழுந்ததும் இதை ஒரு தடவை தொடுங்க, அவளுக்குத் தெரிஞ்சுடும். தொடலைன்னா மட்டும் அவ போன் பண்ணுவா"ன்னு சொன்னீங்க. மாப்பிள்ளைன்னா இவருதான்னு நானும் ஊரெல்லாம் சொன்னேன். ஒரு தொடுதல்ல மாமனாரை முடிச்சுவிட்ட மாப்பிள்ளை இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்.

மறுநாள் தோட்டத்துல பூ வெட்டிக்கிட்டே பட்டனைத் தொட்டேன். ஒண்ணும் ஆகலை. அழுத்தினேன், குத்தினேன், பூ வெட்டற கத்திரியோட பின்பக்கத்தால தட்டினேன். முள்ளு குத்தாம இருக்க, பூ வெட்டறவங்க பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விரலுக்கு உறையா மாட்டிக்குவோம் இல்லையா, அந்த உறையோட தொட்டா போன் கண்ணாடிக்கு விரல்னே தெரியாதாம். இது நீங்க அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்குள்ள சுஜாதா கூப்பிட்டு, ஏன் தொடலை, மயக்கமா, மாத்திரை போட்டியா, நேத்து என்ன குழம்புன்னு ஒரே விசாரணை. புளிக்குழம்புன்னா, அந்த வயித்துக்குப் புளிக்குழம்பு எதுக்குன்னு அதுக்கு ஒரு திட்டு. காலையில எனக்கு எவ்வளவு தொந்தரவு பாருங்க.

சரின்னு உறையைக் கழட்டினேன். கழட்டினா உள்ள இருக்கற விரலும் ட்யூப் மாதிரிதான் இருக்கு, காய்ச்சுப்போயி. நாலு தடவை தொட்டா ஒரு தடவை ஒத்துக்கும். ஒருநாள் போனை பூ வைக்கிற பக்கெட் பக்கத்துல வச்சேன். பூக்கட்டை முக்கி எடுத்தப்ப தெறிச்ச தண்ணி போன்மேல விழுந்துது. நான் தொடவே இல்ல மாப்பிள்ளை, பட்டன் தானா ‘நல்லா இருக்கேன்’னு சொல்லிடுச்சு. நான் தொட்டாத் தெரியாத கண்ணாடிக்கு பக்கெட் தண்ணி தொட்டாத் தெரியுது. அன்னிக்கு தண்ணி நல்லா இருக்குன்னு என் மகளுக்குத் தெரிஞ்சுபோச்சு, என்னைப் பத்தி யாருக்கும் தெரியலை. அன்னிக்குப் போன் வரலை.

இதை நானே உங்ககிட்ட சொன்னேன். நீங்களும் உடனே, தண்ணித்துளிக்கெல்லாம் ஏமாறாம இருக்க விரலைக் கொஞ்ச நேரம் வச்சு அழுத்தற மாதிரி மாத்தினீங்க. வச்சு அழுத்தினா, ‘நல்லா’ங்கற எழுத்து நீலமாயி, அதை காப்பி பண்ணணுமா, தேடிப் பார்க்கணுமான்னு போன் கேக்குது. தேடுன்னு சொன்னேன். ‘நல்லா’வை ஊர் உலகமெல்லாம் தேடி, ஒரு நல்லெண்ணெய்க் கடையைக் காட்டுச்சு. மறுபடி சுஜாதா. இந்தத் தடவை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறேனான்னு கேட்டா.

அப்புறம் உங்க பழைய டேப்லட்டைக் கொடுத்தனுப்பினீங்க. அதுல பிரவுசரே வேற, அதுக்கு வேற குணம்னீங்க. சரிதான், நம்ம ரெண்டு குடும்பம் மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன். என் விரல் கொஞ்சம் நடுங்குது, வயசுதான், வேற ஒண்ணுமில்ல. நான் தொடறேன்னு நெனைக்கறேன், அது நான் பக்கத்தைத் தள்ளறேன்னு நெனைச்சுக்குது. பட்டன் மேல போகுது, கீழ வருது, பக்கம் மறுபடி முதல்லேருந்து வட்டம் சுத்துது. பிடிவாதமா ஓரத்துலேருந்து விரலைக் கொண்டுபோனா, முந்தின பக்கத்துக்குப் போயிடுது, அங்க யாரோ சட்டை விக்கறான். சுஜாதா கூப்பிட்டப்ப சட்டை பார்த்துக்கிட்டிருந்தேன்னு சொன்னேன். ‘உங்கப்பனுக்கு யாரைப் பார்க்கப் போக சட்டை?’ன்னு நானே அவகிட்ட கேட்டேன். அவ சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா.

பூ வெட்ட வர்ற நஞ்சம்மா போன்ல திறந்து பார்த்தோம். அதுல ரெண்டு தடவை வேகமாத் தொட்டா பக்கமே பெருசாகுது. ‘இருக்’ மட்டும் கண்ணாடி முழுக்க நிக்குது, முன்னயும் இல்ல பின்னயும் இல்ல. இதுக்கு மேல இதைத் தொட்டா என் போன் வெடிச்சிரும்னு கன்னடத்துல திட்டிட்டுப் பிடுங்கிக்கிட்டா.

கடைசியா பூ வியாபாரி ஜமீர் பாய் கடைக்குப் போனேன். அவர் லேப்டாப்புல கண்ணாடியையும் தொடலாம், மவுஸ்னு சொல்ற எலியையும் அழுத்தலாம். ஒரே தடவைதான் தொட்டேன், மாரியம்மன் சாட்சி. கண்ணாடி ஒரு தடவை சொல்லிச்சு, தொட்டதை எலியும் அழுத்தினதா நெனச்சு இன்னொரு தடவை சொல்லிச்சு. ‘நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்’னு சுஜாதாவுக்கு ரெண்டு போச்சு. உடனே போன். குரலே சரியில்ல.

"ப்பா, எதுக்கு ரெண்டு தடவை சொன்ன? என்ன ஆச்சு, உண்மையச் சொல்லு."

உண்மை என்னத்தைச் சொல்றது. கடையில டீ குடிக்கறேன்னேன். நம்பாம ஜமீர் பாய்கிட்ட போனைக் குடுக்கச் சொன்னா. அவரும், "உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா, வாய் மட்டும் கொஞ்சம் அதிகமா இருக்கு"ன்னு சாட்சி சொன்னதுக்கு அப்புறம்தான் விட்டா.

ஆகவே மாப்பிள்ளை, இப்படியே போனா உங்க பேருதான் கெட்டுப்போகும். பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் வேலை செய்யறவர், ஒரு கிழவன் விரலுக்கு வேலை செய்யலைன்னா ஜனங்க என்ன பேசும்? எந்தப் போன்ல, எந்தப் பிரவுசர்ல, ஈரக் கையோட, நடுங்கற கையோட தொட்டாலும் ஒரே தடவையில வேலை செய்யற மாதிரி தயவுசெய்து உடனே சரி பண்ணிக் கொடுக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சுஜாதாவுக்கு இனிமேல் காலை நேரத்தில் எந்தத் தொந்தரவும் இருக்கக் கூடாது.

உங்கள் இருவருக்கும் ஆயுளும் பலமும், ரோட்டில் டிராபிக் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,

மாமனார்,
திம்மராயன்.

பின்குறிப்பு: நேத்து கவரை ஒட்டப் போகும்போது, சுஜாதா சொன்னான்னு எல்லாத்தையும் சரி பண்ணிட்டதா உங்க மெசேஜ் வந்துச்சு. இன்னிக்குக் காலையில தொட்டேன். ஒரே தடவை. டிக் விழுந்துடுச்சு. டேப்லட்ல தொட்டேன், நஞ்சம்மா கையில கால்ல விழுந்து அவ போன்லயும் தொட்டேன், எல்லாத்துலயும் ஒழுங்கு. நடுங்கினாலும் புரிஞ்சுக்குது. கெட்டிக்காரர்தான் நீங்க.

அப்புறம் போனைப் பூப்பெட்டிமேல வச்சிட்டு உக்காந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும் அடிக்கலை. சத்தம் குறைச்சு வச்சிருக்கேனோன்னு சந்தேகம் வந்து, ஜமீர் பாயை ஒரு தடவை கூப்பிடச் சொன்னேன். நல்லாத்தான் அடிச்சுது.

அதனால மேலே எழுதினதை எல்லாம் விட்டுடுங்க. நீங்க சரி பண்ணதை எடுத்துட்டு, பழைய கோளாறையே திரும்பப் போட்டுக் குடுங்க. தொடாம விட்டா போன் வரும்னு எனக்கும் தெரியும். ஆனா நான் தொடலைன்னா அவ பயந்துடுவா, அது பாவம். பட்டன் பண்ற கோளாறுன்னு தெரிஞ்சா கோவமாத்தான் கூப்பிடுவா. கோவம் பரவாயில்ல.

எல்லா நாளும் வேண்டாம், அவளுக்கு மீட்டிங் இருக்கும். வாரத்துல ஒரு நாள் கெட்டுப்போற மாதிரி செய்யத் தெரியுமா உங்களுக்கு?