ஜெர்மன் லென்சும் எங்கள் வீட்டுப் பாத்ரூமும்

எங்கள் வீட்டுப் பாத்ரூம் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்விக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று 1983-ஆம் வருஷம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் தீர்மானித்தேன். தீர்மானித்த இடம் அதே பாத்ரூம். வெளிச்சம் புகாமல் ஜன்னலில் கறுப்புத் துணி, கதவிடுக்கில் பழைய பாவாடை, பக்கெட்டில் நான் கழுவுகிற பிலிம், நடுவில் நான். வெளியே தலையில் எண்ணெய் வைத்த இரண்டு பிள்ளைகளும் என் மனைவி சந்திரகலாவும்.

"ஏங்க, எண்ண வெச்சி ஒரு மணி நேரமாச்சி. புள்ளைங்க கண்ணுல எறங்குது."

"கதவத் தட்டாத! உள்ள பிலிமு இருக்குது!"

"வெளிய புள்ளைங்க இருக்குது."

"அஞ்சே நிமிஷம்."

"போன வாரம் சொன்ன அஞ்சு நிமிஷமே இன்னும் முடியலீங்க. உங்க பிலிமு நல்ல தண்ணியில குளிக்குது. நான் பெத்ததுங்க உப்புத் தண்ணிக்கு வரிசையில நிக்குது."

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. பெயர் சக்கரபாணி. திருவண்ணாமலைத் தபாலாபீசில் தபால்தலை விற்கிற குமாஸ்தா. ஊரில் எத்தனையோ குமாஸ்தாக்கள் உண்டு. ஆனால் ஜெர்மன் லென்ஸ் வைத்திருக்கிற குமாஸ்தா ஒருவன்தான். அதை நானே சொல்வது அழகில்லை என்பதால் வருகிறவர்களைச் சொல்ல வைப்பேன்.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் வாரா வாரம் என் கவுண்ட்டருக்கு வருவார். ஒரு நாள் உலகத்தைத் துறந்துவிட்டதாகச் சொன்னார். எல்லாவற்றையுமா என்றேன். கேமரா மட்டும் பாக்கி என்றார். அதை நான் வாங்கிக்கொண்டேன். துறவிக்கும் கடைத்தெருவுக்குப் போய்வர ஒரு வாகனம் வேண்டுமே என்று என் சைக்கிளைக் கொடுத்தேன். அன்று முதல் நான் ஆபீசுக்கு நடந்து போகிறேன். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சைக்கிளில் போனால் யார் பார்ப்பார்கள்?

அது சாதாரணக் கேமரா இல்லை. ரோலிபிளக்ஸ். மேலும் கீழுமாக இரண்டு கண். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ் கண் படம் எடுப்பதற்கு. அந்தக் கீழ் கண்தான் டெஸ்ஸார் லென்ஸ். 1902-ஆம் வருஷம் ஜெர்மனியில் ஜெனா என்கிற ஊரில் பிறந்த குலம். நாலே நாலு கண்ணாடி, அதில் கடைசி இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. அதற்குக் கழுகுக் கண் என்று பட்டப்பெயர். பிறகு யுத்தம் வந்தது. தேசம் இரண்டாயிற்று. லென்ஸ் செய்த கம்பெனியும் கிழக்கு, மேற்கு என்று பாகம் பிரிந்தது. என்னுடையது மேற்குப் பங்கு. முகத்தில் சிவப்பாக ஒரு 'T' எழுத்து இருக்கும். கண்ணாடிக்கு மேலே பூச்சு பூசியிருக்கிறது என்று அர்த்தம். எதிர்வெயிலில் எடுத்தாலும் படம் வெளுக்காது.

இந்தச் சரித்திரத்தை எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வருகிறவர்கூட ஒப்பிப்பார். சந்திரகலா எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

"கம்பெனியே பாகம் பிரிஞ்சுது கலா! அண்ணன் தம்பி மாதிரி!"

"உங்களுக்கும் உங்க தம்பிக்கும் பாகம் பிரிஞ்சப்ப ஒரு பாத்ரூமுகூட நம்ம பக்கம் வரல. அதான் இந்த ஒத்தப் பாத்ரூமு வாடகை வீட்டுல கெடக்கோம்."

அன்றைக்கு நான் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, ஈரப் பிலிமைக் கொடியில் மாட்டிவிட்டு, கர்ஜித்தேன்.

"இந்த லென்சோட அருமை இந்த வீட்ல யாருக்குத் தெரியுது?"

பிள்ளைகளை உள்ளே தள்ளி சீயக்காயைக் கையில் எடுத்த சந்திரகலா நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கா! கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லுவேன். இந்த லென்சு எடுத்த படம் எது, உங்க அண்ணன் வெச்சிருக்காரே ஒத்தக் கண்ணாடி டப்பாக் கேமரா, அது எடுத்த படம் எதுன்னு பாத்த மாத்திரத்துல சொல்லிடுவேன்."

"அப்ப பந்தயம் வெச்சிக்கலாங்களா?"

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்துப் போர்ஷன் தனம் வாசற்படிக்கு வந்துவிட்டாள். அவளுக்குக் காது மட்டும் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது.

"நாளைக்குக் காலையில மாடியில தனம் மொளகா காயப்போடுவா," என்றாள் சந்திரகலா. "நீங்க மலை தெரியற மாதிரி அவளை ஒரு படம் எடுங்க. நீங்க ஆபீசு போனதும் நான் ஒண்ணு எடுக்கறேன். அதே எடம், அதே தனம், அதே மொளகா. எங்க அண்ணன் கேமராவ நேத்தே கொண்டாந்து வெச்சிருக்கேன். தேரடித் தெரு அருணகிரி அண்ணன் ஸ்டூடியோவுலயே கழுவி ஒரே சைசுல போட்டுத் தரட்டும். எந்தப் படத்த எந்த லென்சு எடுத்துச்சின்னு நீங்க சொல்லணும்."

"சொன்னா?"

"பாத்ரூமு உங்களுக்கு. சைக்கிளப் பத்தியும் பேச்செடுக்க மாட்டேன். தப்பாச் சொன்னா பாத்ரூமு எனக்கு. அதுல நான் என்னா பண்ணாலும் நீங்க கேக்கக் கூடாது."

"அண்ணா, யோசிச்சி ஒத்துக்குங்க," என்றாள் தனம்.

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு பக்கம் ஜெர்மனி. மறுபக்கம் மச்சான். ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணி. அண்ணாமலை பின்னால், தனம் நடுவில், முன்னால் பாய் நிறைய சிவப்பு மிளகாய். பிலிமில் இரண்டு படம் பாக்கி இருந்தது. லென்சின் துவாரத்தை முழுசாகத் திறந்தேன், மூன்றரையில்; எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும். நான் எப்போதும் மூன்றரையில்தான் எடுப்பேன். அவ்வளவு பெரிய கண்ணைக் கொடுத்த ஜெர்மன்காரனை அவமதிக்கிற மாதிரி அதைச் சுருக்கி வைக்க எனக்கு மனசு வராது. எட்டுக்குச் சுருக்கினால் ஓரம்வரை ஊசிமுனை மாதிரி தெளியும் என்று எல்லோருக்கும் பாடம் சொல்வேன். அது மற்றவர்களுக்கு.

பதினொன்றாவது படத்தை எடுத்தேன். கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். இதுவரை அந்தச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

சாயங்காலம் வந்து, மிச்சமிருந்த பன்னிரண்டாவது படத்தை மறந்தே போய், பிலிமைச் சுற்றி எடுத்து, நானே நடந்து போய் அருணகிரியிடம் கொடுத்தேன். திரும்பி வந்து மிடுக்காகக் கேட்டேன்.

"என் படம் குடுத்தாச்சு. உன் படம்?"

"அதுவும் அருணகிரி அண்ணன்கிட்ட போயிடுச்சிங்க," என்றாள்.

புதன்கிழமை மாலை அருணகிரியே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எதற்கும் இருமுவார். இரண்டு படங்களை மேஜையில் வைத்தார். பின்பக்கம் ஒன்று, இரண்டு என்று எண். சந்திரகலா காப்பி கொண்டுவந்தாள். தனத்தைக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை.

தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்தேன். இரண்டாம் நம்பரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. மிளகாய்க்கு மிளகாய் காம்பு தெரிந்தது. தனத்தின் மூக்குத்தியில் கல் தெரிந்தது. பின்னால் மலையில் பாறை பாறையாக எண்ணலாம்.

"இதோ ஜெர்மனி!" என்று கத்தினேன். "எண்பத்தோரு வருஷத்து வித்தை! கழுகுக் கண்ணுன்னு சும்மாவா சொன்னான்! அருணகிரி, இந்த மூலையப் பாரும். ஓரத்துலகூட மங்கல் உண்டா? பாரும்யா!"

அருணகிரி இருமினார்.

"ஒண்ணாம் நம்பரு?" என்றாள் சந்திரகலா.

"அதைப் போயி கேக்கறியே! மலை பஞ்சு மூட்டை மாதிரி நிக்குது. வானம் வெளுத்துப் போச்சு. முன்னால கெடக்கறது மொளகாயா, செருப்பான்னு தெரியல. ஆப்பம் மாதிரி நடுவுல மட்டும் கெட்டி, ஓரமெல்லாம் மெலிசு. ஒத்தக் கண்ணாடி டப்பான்னு கொழந்தகூட சொல்லும். எடுத்தவங்களக் குத்தம் சொல்லல கலா. கருவி அப்படி. பொம்பளைங்க கையில அது போதும்."

"நல்லாப் பாத்து சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"தபாலாபீசு முத்திரை. குத்தினது குத்தினதுதான்."

சந்திரகலா அருணகிரியைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து, அதிலிருந்து நெகடிவ் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே துண்டு. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தனம்.

"ஒரே பிலிமு சார்," என்றார். "ஒண்ணாம் நம்பரு பதினொண்ணாவது படம், ரெண்டாம் நம்பரு பன்னண்டாவது. ரெண்டும் உங்க கேமராவுல எடுத்தது சார்." பிறகு ஒரு பெரிய இருமலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

நெகடிவை வாங்கி நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதினொன்றாவது படத்தை எடுத்தது யார் என்று மெதுவாக ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"அப்ப உங்க அண்ணன் கேமரா?"

"கொண்டாந்து வெச்சிருக்கேன்னு சொன்னேன். அதுல எடுப்பேன்னு எங்க சொன்னேன்? தனம் வீட்டு வாண்டு வெச்சி வெளையாடுது."

"பெட்டி பூட்டியிருந்துதே! சாவி என் இடுப்புல இருந்துதே!"

"பூட்டு முன்னால இருக்குதுங்க. பின்னால கீலு கழண்டு ஆறு மாசமாச்சி. சொன்னா, அஞ்சு நிமிஷம்னீங்க."

"உனக்கு எப்படி எடுக்கத் தெரியும்?"

"அஞ்சு வருஷமா நீங்கதான் சொல்லிக் குடுக்கறீங்களே, கேக்கறவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும். எட்டுல வெச்சா ஓரம்வரைக்கும் தெளியும்னு சொன்னீங்க. வெச்சேன். கண்ண சுருக்கினா ஷட்டர் வேகத்தக் கம்மி பண்ணணும்னு சொன்னீங்க. பண்ணேன். மூச்சப் புடிச்சிக்கினு அமுக்கணும்னு சொன்னீங்க. நீங்கதான் அமுக்கும்போதுகூட பேசிக்கினே இருக்கீங்க."

"நெசம்தான் அண்ணா," என்றாள் தனம். "எங்கிட்ட ஜெனான்னு ஏதோ சொல்லிக்கினே எடுத்தீங்க."

நான் இரண்டாம் நம்பரை இன்னொரு தடவை கையில் எடுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமைதான் ஜாஸ்தி. என் லென்ஸ் என்றைக்கும் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. இவ்வளவு நாள் நான் சொன்னதெல்லாம் வாஸ்தவம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஜெர்மனி தோற்கவில்லை. சக்கரபாணிதான் தோற்றான்.

"லென்சு ஒண்ணுதாங்க," என்றாள் சந்திரகலா, காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டே. "ஆளுதான் வேற."

போகும்போது அருணகிரி தயங்கித் தயங்கி, படத்தை ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்று நான் வாயெடுப்பதற்குள், "வைங்கண்ணே" என்றாள் அவள். அந்த வாரம் தேரடித் தெரு வழியாக நான் ஆறு தடவை நடந்தேன். பார்க்கிறவர்களிடம் 1902-லிருந்து ஆரம்பித்தேன். இந்த லென்ஸ் யாருடையது என்று கேட்டால் என்னுடையது என்றேன். படம் எடுத்தது யார் என்று கேட்டால், எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடும்.

சொன்ன சொல் தவறாத குடும்பம் எங்களுடையது. சனிக்கிழமையே பாத்ரூம் ஜன்னலின் கறுப்புத் துணியைக் கழற்றி, மடித்து, சந்திரகலாவின் கையில் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போய்த் தோல்வியை அண்ணாமலையாரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன். பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு சாதாரண மனிதனாக, ஞாயிற்றுக்கிழமையில் குளிக்கலாம் என்று துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன்.

கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் பழைய பாவாடை செருகியிருந்தது. தட்டினேன்.

"கதவத் தட்டாதீங்க, உள்ள பிலிமு இருக்குது!" என்றது சந்திரகலாவின் குரல். "சும்மா நிக்காம தெருக் கொழாயில ரெண்டு கொடம் நல்ல தண்ணி புடிச்சாந்து வைங்க."