கிட்டாருக்கு ஸ்பிரிங் மாற்றிய வகையில்

மேட்டுப்பாளையம் மாப்பிள்ளை சசிதர் அவர்களுக்கு,

துடியலூரிலிருந்து அரங்கசாமி மிகுந்த மரியாதையுடனும் அதைவிட மிகுந்த பயத்துடனும் எழுதுவது. இங்கே உங்கள் அக்காவும் நானும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ராமாமணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதால் அவள் சௌக்கியமா என்று கேட்க முடியவில்லை. போனில் சொல்ல வாய் வராமல்தான் கடிதம்.

நீங்கள் காலேஜில் வாசித்து, பிறகு நம் நவ்யாவுக்கு ஆசையாகக் கொடுத்தீர்களே, அந்தக் கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் விஷயம். தந்திகள் வந்து முடியும் இடத்தில் ஒரு பாலமும் அதில் செருகிய கம்பியும் இருக்குமல்லவா? கம்பியை அழுத்தினால் சத்தம் அலை அலையாக இழுபடும். பெங்களூரு கிளம்புவதற்கு முன் நவ்யா, "கம்பியத் தொட்டாவே சுருதி போயிடுதுங்கப்பா. சனிக்கிழமை மேடையில மானம் போயிரும்" என்று கண் கலங்கினாள். ஆயுள் முழுக்க மோட்டார் பம்பு செய்தவனுக்கு ஒரு பாலம் மாற்றத் தெரியாதா? அவள் திரும்புவதற்குள் முடித்து அசத்திவிடலாம் என்று புதுப் பாலம், ஸ்பிரிங், தந்திப்பூட்டு எல்லாம் ஆன்லைனில் வரவழைத்தேன். பழைய குழியில் புதுப் பாலம் உட்காரவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோய், பம்பு உடம்பைக் கடைவது போலக் கடைந்தேன். இரும்பு எதிர்த்து நிற்கும், மரம் நிற்கவில்லை மாப்பிள்ளை. வேண்டாத இடத்தில் மறுபக்கம் வரை ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் எங்கள் வீட்டுக் காலண்டர் தெரிகிறது.

அதோடாவது விட்டேனா? இந்தப் பாலம் மரத்தில் படியாமல் மிதக்குமாம். முன்னால் தந்தி இழுக்க, பின்னால் ஸ்பிரிங் இழுக்க, நடுவில் நிற்க வேண்டுமாம். ஒரு தந்தியை இறுக்கினால் மற்றதெல்லாம் தொய்கிறது, அதை இறுக்கினால் இது தொய்கிறது, எல்லாவற்றையும் இறுக்கினால் பாலம் அந்தியூர்ச் சந்தைக் குதிரையாட்டம் பின்னங்காலைத் தூக்குகிறது. ஸ்பிரிங்கில் பலமில்லை என்று பழைய மொபெட்டின் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாட்டினேன். பாலம் குழிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. தந்தி படீரென்று அறுந்து என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"ஏனுங்க, அது பாட்டுக்குச் செவனேன்னு கெடந்துச்சு. பம்பு பண்ணுன கையில பாட்டுப் பொட்டிய நோண்டிப்போட்டீங்களே! எந்தம்பிக்கு என்னன்னுங்க பதில் சொல்றது?" என்றாள் ராமாமணி. அதுதான் கடைசிப் பேச்சு. சாப்பாடு மட்டும் வருகிறது, தட்டு வைக்கிற சத்தத்தோடு.

சிரிக்காதீர்கள் மாப்பிள்ளை. நவ்யா மேடையில் வாசிக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் "அந்தப் பாலம் நான் போட்டதுங்க" என்று சொல்ல ஆசைப்பட்டேன். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? நீங்கள் என்னை மன்னித்து, உடனே பஸ் ஏறி வந்து, எனக்கு முன்னால் அவளிடம் பேச வேண்டும்.

வீட்டில் அக்ஷிதாவுக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல், எந்தக் கருவியையும் கழற்றாமல், நீடூழி வாழ ஆசி.

நொந்துபோன,
அரங்கசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது நவ்யா வந்து இறங்கினாள், தோளில் உங்கள் கிட்டாரோடு! கிளம்பிய அன்று நான் பட்டறையில் இருந்தபோது அதைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள். பெங்களூரிலேயே பாலமும் மாற்றியாயிற்று. மேஜையில் ஓட்டையோடு கிடந்ததைப் பார்த்தவள், "அய்யோ அப்பா, இதுவும் கறுப்புதான், ஆனா எங்கூட வாசிக்கற ரித்திகாவோடதுங்க! நம்மூட்ல பத்திரமா இருக்கும்னு வெச்சுட்டுப் போனா" என்று உட்கார்ந்துவிட்டாள். ஆகவே நீங்கள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் படித்துப் பாருங்கள். உங்கள் பெயர் வரும் இடத்தில் ரித்திகாவின் அப்பா பெயரைப் போட்டு அனுப்பினால் எடுபடுமா? அவர் வக்கீலாம்.