பத்தொன்பது முதற்பக்கங்கள்

2019 டிசம்பர் 23, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். முற்றத்து மழைமானியைப் பார்த்தேன்: இருபத்தேழு மில்லிமீற்றர். இஞ்சித் தேநீர் குடித்து, சவரம் செய்து, மழையளவை நாட்குறிப்பில் எழுதினேன். பதினொரு ஆண்டுகளாக இந்த ஒழுங்கு பிசகியதில்லை. நான் நில அளவை அலுவலகமொன்றில் படம் வரைபவன். ஒரு கோடு மயிரிழை தள்ளிப்போனால் இரண்டு அயல்வீட்டார் வழக்காடப் போவார்கள் என்ற பயத்திலேயே பழகிய கை என்னுடையது. அந்தக் கை அன்று செய்த காரியத்தை மறைப்பதில் பயனில்லை. எங்கள் ஊர் உடுவிலில் எல்லோருக்கும் தெரியும்.

என் மனைவியின் அக்கா ஜெயராணி மச்சாள் கொக்குவிலில், ரயில் பாதையோரம் இருக்கும் தன் வீட்டின் முன்னறைகள் இரண்டில் பழைய புத்தகக் கடை நடத்துகிறார். அங்கே புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை. எந்த ஊர் வீட்டிலிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெயர் ஒட்டிய தட்டில் நிற்கும். இடப்பெயர்வில் விட்டுப்போன வீடுகளிலிருந்தும், பழைய பேப்பர் வாங்குகிறவர்களிடமிருந்தும் வந்து சேர்ந்தவை. அரியாலைத் தட்டில் கோழி வளர்ப்பும் ஜெபப் புத்தகமும் இயற்கணிதமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும்.

"இப்பிடி வைச்சால் ஆர் மச்சாள் வந்து வாங்கிறது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"புத்தகத்தின்ரை ஆள் வரும்," என்றார்.

முதற்பக்கத்தில் யாருடைய பெயராவது எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை மச்சாள் வேறொருவருக்குக் கொடுக்கமாட்டார். அதுதான் கடையின் ஒரே சட்டம். (வியாபாரம் எப்படி நடக்கிறதென்று நான் கேட்பதை நிறுத்தி நெடுங்காலம்.)

அன்று மாலை மூன்று மணிக்கு உடுவில் திருச்சபை மண்டபத்தில் கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு ஒன்றுகூடல். முப்பத்தொரு குடும்பங்களுக்கும் குடும்பத்துக்கொரு புத்தகம், உள்ளே என்னவென்று தெரியாதபடி சுற்றிக் கொடுப்பதென்று ஏற்பாடு. பாடகர் குழுவின் ஒத்திகைக்கு மச்சாள் காலையிலேயே புறப்பட்டுவிட்டார். நான் லீவு போட்டுக் கடைக்குப் போயிருந்தேன்.

"எட்வின், முப்பத்தொரு பார்சல். பேர் எழுதாத புத்தகமாப் பாத்துச் சுத்தும். ஒரு மணிக்கு வான் வரும்," என்றார் குடையை விரித்தபடி. "வேறை ஒண்டிலையும் கை வையாதையும்."

பதினொரு மணிவரை தேடினேன். பெயரில்லாத புத்தகங்கள் பன்னிரண்டுதான் அகப்பட்டன. இன்னும் பத்தொன்பது வேண்டும். சாதாரண மனிதனென்றால் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்திருப்பான். நான் பிரச்சினையை ஆராய்ந்தேன். பெயர்தானே தடை? தடையை நீக்கினால் போயிற்று. பையில் என் வரைபட பிளேடும் கோடிழுக்கும் இரும்பு அடிமட்டமும் இருந்தன.

முதலில் பத்தொன்பது பக்கங்களிலும் இருந்ததை, புத்தகத்தின் பெயரோடு, வரிக்கு வரி நாட்குறிப்பில் பிரதி பண்ணினேன். ஆவணத்தை அழிக்குமுன் பதிவு வேண்டும் அல்லவா? பெயர்களை வாய்விட்டு வாசித்து எழுதினேன். வகுப்பில் வருகை இடாப்புக் கூப்பிடுவதுபோல இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் நான் சற்றுப் பொறுத்தேன். ஏனென்று தெரியாது. வெளியே மழை கொட்டியது. யாரும் "ஓம்" சொல்லவில்லை.

பிறகு வெட்டினேன். அங்கே ஒரு பக்கம் இருந்ததென்று அந்தப் புத்தகமே மறந்துவிடும், அவ்வளவு துப்புரவான வெட்டு. அந்தப் பழைய தாள்கள் தடிப்பாயிருந்ததால் வீணாக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எழுத்திருந்த மேல்பகுதியை நாலங்குலத்துக்கு இரண்டங்குலம் என்று ஒரே அளவில் நறுக்கினேன். எழுதாத பக்கத்தில் பரிசு பெறுகிறவரின் பெயரை அழகாக எழுதி, சிவப்பு நூலில் பார்சல்களில் கட்டினேன். எந்தத் துண்டு எந்தப் புத்தகத்திலிருந்து வந்ததென்பதற்கு அதன்பின் என் நாட்குறிப்பு மட்டுமே சாட்சி. மீதிப் பன்னிரண்டுக்கும் வெறும் மட்டை. ஒரு மணிக்கு வான் வந்தது, போனது. நறுக்கிய கழிவைப் பையில் கட்டித் தெருவாசல் படலைக்கு வெளியே வைத்தேன். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வரும். பாணும் சம்பலும் சாப்பிட்டேன். என்னைப்போல ஒரு மனிதன் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது பாக்கியம் என்று நினைத்ததும் ஞாபகமிருக்கிறது.

1.55க்கு மின்சாரம் நின்றது. மழை இருட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தது. அரியாலைத் தட்டிலிருந்து ஒரு புத்தகம் தொப்பென்று விழுந்தது. ரயில் போகும்போது அங்கே புத்தகங்கள் விழுவதுண்டு. ஆனால் அந்த நேரத்தில் ரயில் இல்லை. நேரசூசி எனக்கு மனப்பாடம்.

குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயதிருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படலை திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"வானொலி திருத்திற புத்தகம் ஒண்டு," என்றார். "அரியாலைத் தட்டிலை, மூண்டாவது வரிசையிலை நிக்குது எண்டு கடை அக்கா நேற்றுப் போனிலை சொன்னவ."

"உங்கடை பேர்?"

"மல்லிகா."

கையிலிருந்த புத்தகம் மறுபடியும் விழுந்தது. அந்தப் பெயரைக் காலையில் நான் பிரதி பண்ணியிருந்தேன். 'இது சிவராசாவின் புத்தகம். மல்லிகா தொடக்கூடாது.' வாசித்துச் சிரித்துமிருந்தேன்.

"சிவராசா...?"

"என்ரை அண்ணை. ஒரு நாள் சைக்கிளிலை வெளிக்கிட்டவர், திரும்பி வரேல்லை. அவற்றை எழுத்து எண்டு வீட்டிலை ஒரு துண்டும் மிஞ்சேல்லை." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "முதற்பக்கத்திலை எழுதியிருக்குது எண்டு அக்கா சொன்னவ. வடிவாத் தேடிப் பாருங்கோ."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், 'அப்படியொரு புத்தகம் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஈரமுடியோடு நின்ற அந்த முகத்தைப் பார்த்தபோது அந்தப் பொய் வெளியே வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாயிருந்தது.

"அப்ப வாங்கோ, போவம்," என்றார்.

அந்த மழையில் ஓட்டோ கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மண்டபத்தை அடைந்தபோது 3.25. கதவருகிலேயே ஏதோ பிழை என்று தெரிந்தது. பாட்டில்லை, பேச்சில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் முப்பத்தொரு குடும்பங்களும் பார்சல்களைக் கையில் வைத்துக்கொண்டு உறைந்துபோய் இருந்தார்கள். பழைய தாள்துண்டு கிடைத்த எல்லோரும் அதைத் திருப்பிப் பார்த்திருந்தார்கள்.

முன்வரிசையில் ரத்தினம் மாஸ்ரர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், துண்டைத் தூரப் பிடித்து வாசித்தார். "'என்னை மறக்க வேண்டாம். பரம்சோதி.' எனக்கு ஒரு பரம்சோதியைத்தான் தெரியும். அவன் செத்துப் பதினெட்டு வரியம்."

"ஆரும் பயப்பிட வேண்டாம்," என்றார் போதகர். தன்னுடைய துண்டை இரண்டு விரல் நுனியால், செத்த பல்லியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

நடுவரிசையில் பாடகர் குழுத் தலைவி குணம் அன்ரியின் கணவர் மனைவியின் துண்டுக்கு மெழுகுதிரியைக் கிட்டப் பிடித்தார். "'என்றும் உன் நினைவில், கமலநாதன்.' ஆரப்பா உவர்?"

"எனக்கு ஒரு கமலநாதனையும் தெரியாது!" என்றார் அன்ரி.

"தெரியாத ஆள் எதுக்கு உம்மை நினைக்கிறார்?"

"நீங்களே போய்க் கேளுங்கோவன்!"

"எங்கை போய்க் கேக்கிறது? விலாசம் போடேல்லை."

பின்னால் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. அப்போது மச்சாள் என்னைக் கண்டார். என்னோடு நின்ற பெண்ணையும் கண்டார். எல்லாம் விளங்கிவிட்டது.

"வெட்டினீரோ?"

"ஓம் மச்சாள்."

"எத்தினை?"

"பத்தொன்பது."

மேடையில் ஏறி, நத்தார் மரத்துக்குப் பக்கத்தில் நின்று, வாழ்ந்தவர்களின் கையெழுத்தை நறுக்கியவன் நான்தான் என்று அறிவித்தேன். யாராவது ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். ரத்தினம் மாஸ்ரர் மட்டும், "உமக்குக் கணக்குப் படிப்பிச்சது நானெண்டு வெளியிலை சொல்லாதையும்," என்றார்.

மல்லிகா ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு அவர்கள் இருந்த வாங்குகளின் ஊடாக வரிசை வரிசையாகப் போனார். ஒவ்வொருவரும் தங்கள் துண்டை அவரிடம் திருப்பிக் காட்டினார்கள். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ ஆளிடம் அவர் நின்றார். வானொலிப் புத்தகம் வேறு குடும்பத்தின் பார்சலில் இருந்தது. நூலைக் கூட அவிழ்க்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். மல்லிகா துண்டை வெகுநேரம் பார்த்தபின் என்னிடம் வந்தார்.

"இதுக்குக் கீழை வேறை ஒண்டும் எழுதியிருக்கேல்லையோ?"

"இல்லை, இவ்வளவுதான்," என்றேன், இருபது வருட அரசாங்க உத்தியோகத்தின் உறுதியோடு. தலையாட்டிவிட்டுப் போனார்.

மற்றப் பதினெட்டையும் மச்சாள் திரும்ப வாங்கினார். என் நாட்குறிப்பை வைத்து நானே ஒவ்வொன்றையும் பசையிட்டு ஒட்டிக்கொடுக்க இரண்டு கிழமை சென்றது. கமலநாதன் மட்டும் இன்னும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. யார் கொண்டுவந்து வைத்ததென்று தெரியாமல் மேசையில் ஒரு மாம்பழம் இருந்தாலும், தவறிப்போன தொலைபேசி அழைப்பு வந்தாலும், "கமலநாதனாயிருக்கும்," என்பாள் மனைவி. குணம் அன்ரியின் கணவர் ஒவ்வொரு நத்தாருக்கும் என்னிடம், "ஏதும் தகவல்?" என்று கேட்கிறார்.

அன்று இரவு எட்டு மணிக்கு, வழக்கம்போல நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். காலையில் பிரதி பண்ணிய பட்டியல் முன்னால் இருந்தது. பதினான்காவது பதிவு, என் சொந்தக் கையெழுத்தில்:

'இது சிவராசாவின் புத்தகம். மல்லிகா தொடக்கூடாது. தொட்டால் நான் வந்து கேட்பேன்.'

மூன்றாவது வரி என் இரண்டங்குல அளவுக்கு வெளியே, கழிவுப் பைக்குள் போயிருக்கிறது. தொட்டவள் மல்லிகா அல்ல, நான். மச்சாள் வீட்டுக் குப்பைப் பையை எடுத்துவர வேண்டுமென்று மனைவியிடம் சொல்லி எழுந்தேன். முற்றத்துப் படலை கிறீச்சிட்டது.

"காத்து," என்றாள் மனைவி, எட்டிப் பார்த்துவிட்டு. "இந்த வெள்ளத்திலை ஒரிடமும் போக வேண்டாம். குப்பை வண்டி ஆறரைக்குத்தானே?"

படலை இன்னும் இரண்டுமுறை கிறீச்சிட்டது. நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை. 4.50க்கு எழுந்தேன், ஆனால் மழைமானியைப் பார்க்கவில்லை. அன்றைய மழையளவுக்குரிய இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. நான் முதலில் செய்தது, கொக்குவிலுக்குப் போய், மச்சாளின் படலைக்கு வெளியே சேற்றில் முழங்காலிட்டு, நனைந்த பையை அவிழ்த்து, ஈரக் கீற்றுகளை ரோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்ததுதான். மைப்பேனா எழுத்துகள் எல்லாம் நீலமாகக் கரைந்திருந்தன. சிவராசா குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதுகிறவர். கரையவில்லை.

மச்சாளிடம் விலாசம் வாங்கி, ஈரக் கீற்றை அடிமட்டத்தின்மேல் கிடத்தி, மழைக்கோட்டுக்குள் பிடித்துக்கொண்டு அரியாலைக்குப் போனேன். மல்லிகா படலைக்கு வந்து வாங்கினார். வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு முதன்முறையாகச் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணை எப்பவும் இப்பிடித்தான் வெருட்டுறவர்," என்றார். உடம்பு முழுக்கச் சேறாய் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களட்டை வந்து கேட்டவரோ?"

"ஓம்," என்றேன்.