படித்திறன் மாஸ்டரும் ஐஸ் பெட்டி மூடியும்

கணக்கில் புலியாக இருப்பவருக்குக் கரை திரும்பும் வழியும் தெரிந்திருக்கும் என்று நம்பி, நீந்தத் தெரியாத நான் படகில் ஏறினேன். ஐம்பது வயது முட்டாள்தனத்துக்கு வாலிபத்தைச் சாட்டவும் முடியாது.

இரண்டு புள்ளிகளைக் கண்டால் சும்மா விடாத ஒரே மனிதர் தலைமன்னார் படித்திறன் மாஸ்டர்தான். கோட்டின் சாய்வைத்தான் எங்கள் பாடப்புத்தகம் படித்திறன் என்கிறது. ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாற்பது வயசில எழுபது கிலோ, ஐம்பதில தொண்ணூறு. ஏறினது இருபது, போனது பத்து வருசம். பிரிச்சா படித்திறன் ரெண்டு. எழுபது வயசில நூற்றிமுப்பது கிலோ! இப்பவே கட்டிலை மாத்தும்."

அன்றிலிருந்து கட்டில் கிறீச்சிட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஒரு மார்கழிக் காலையில், நீரோட்டத்தின் படித்திறனைப் பார்க்கவென்று மீனவன் அந்தோனியின் படகில் என்னையும் ஏற்றினார். நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். தன் போனில் இடம் பார்த்து, ஐஸ் பெட்டி மூடியில் சோக்கால் ஒரு புள்ளி வைத்தார். நெடுநேரம் மிதந்தபின் இன்னொன்று. ஒரு புள்ளி இறங்குதுறைக்கு மேற்கே நாலு, வடக்கே ஐந்து கிலோமீட்டர். மற்றது மேற்கே ஆறு, வடக்கே ஆறு. வடக்கு வித்தியாசம் ஒன்று, மேற்கு இரண்டு. மேற்கு என்றபடியால் மைனஸ்.

"மைனஸ் அரை!" என்று மாஸ்டர் துள்ளியதில் படகு ஆடியது.

அதோடு போன் செத்தது. எஞ்சின் கிளம்ப மறுத்தது. பனிமூட்டம் வந்து சூரியனையும் கரையையும் மூடியது.

"மாஸ்டர், ஓட்டம் எங்கால இழுக்குது? கரைக்கோ, எல்லைக்கோ?" அந்தோனியின் குரல் இறங்கிவிட்டது. எல்லை தாண்டினால் படகு பறிபோகும். நாங்கள் இந்தியச் சிறையில் இருப்போம்.

"கோடு ரெண்டு பக்கமும் முடிவில்லாமல் போகுமடா."

"அது விளங்குது. எந்தப் புள்ளி முதல்? கரைக்கெண்டா இப்பிடியே விடுவம். எல்லைக்கெண்டா நங்கூரம் போடவேணும். போட்டபிறகு காத்து எழும்பினா படகு தாங்காது."

மாஸ்டர் மூடியைப் பார்த்தார். எந்தப் புள்ளியை முதலில் எடுத்தாலும் படித்திறன் மாறாது என்று காலமெல்லாம் படிப்பித்தவர். அதனால் எது முதல் என்று குறிக்கவும் இல்லை, நினைவில் வைக்கவும் இல்லை.

அந்நேரம் பார்த்து என் பட்டன் போன் கிணுங்கியது. காசு போடாததால் அழைப்பு எடுக்க வழியில்லாத அந்தப் போன், மெசேச் காட்டி இந்தியாவுக்கு என்னை வரவேற்றது. திருக்கேதீஸ்வரத்தானையும் புனித அந்தோனியாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ ஐயா. அந்த மெசேச் கரையில எங்கட வீட்டுக் குசினியிலயும் வரும்," என்றான் அந்தோனி. சொல்லிக்கொண்டே நங்கூரக் கயிற்றைக் கையில் எடுத்தான்.

மாஸ்டர் சோக்கைக் கீழே வைத்தார். "தெரியேல்லையடா."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. கடலைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பிறகு தன் உயிர்காப்பு அங்கியைக் கழற்றி, ஏற்கெனவே ஒன்று போட்டிருந்த எனக்கு மேலால் மாட்டிவிட்டார்.

"தொண்ணூறு கிலோவுக்கு ஒண்டு காணாது. அந்தோனி, நங்கூரத்தைப் போடு."

மத்தியானம் மூட்டம் விலக, அந்தோனியின் அண்ணன் எங்களைத் தேடி வந்து படகைக் கட்டி இழுத்தார். எல்லைப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தோமாம். அந்த இரண்டாவது அங்கியை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டிலை மாற்றவில்லை, கட்டிலுக்கு மேலே அதுதான் தொங்குகிறது.

அன்று கதை முழுவதையும் கேட்ட மாஸ்டரின் மனைவி, தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தபடி சொன்னார்:

"இஞ்சாருங்கோ, அந்தக் கோட்டில ஒரு அம்புக்குறி போட்டிருக்கலாமே?"