ரப்பர் கோட்டில் ஒரு மாப்பிள்ளை

திருமலைராயன்பட்டினத்திலிருந்து காரைக்கால் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காலில் கம்பெனியின் கம்பூட்ஸ். என் செருப்பை எடுக்கத் திரும்பிப் போகும் தைரியம் இல்லை. பஸ்ஸும் ஏற முடியாது. அதில் எனக்குப் பார்த்த பெண்ணின் அப்பா இருந்துவிட்டால்?

நான் ஒன்பதாவதோடு ஊர் சுற்றக் கிளம்பியவன். திருப்பூர், கொச்சி என்று எங்கும் ஒட்டாமல் திரும்பிய என்னை, வரிச்சிக்குடியில் இருக்கும் அக்காதான் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தொட்டி கழுவச் சேர்த்துவிட்டாள். அம்பகரத்தூரில் பெண்ணும் பார்த்தாள். பெண்ணுக்குச் சம்மதம். எனக்கு அதைவிடச் சம்மதம். அவள் அப்பா மட்டும், "பையன் வேலைக்குப் போறானான்னு கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார்.

அவர் வரும் நாள், மே மாத வெயில். ஆசிட் படாமலிருக்கத் தலை முதல் கால் வரை ரப்பர் கோட்டு, முகமூடி. கொஞ்ச நேரம் கழுவியதும் வெளியே வந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நிழலில் உப்பு மோர் குடிக்க வேண்டும். நான் கழற்றவில்லை. (உள்ளே கிழிந்த பனியன். கோட்டோடு நின்றால் விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி இருக்குமே!)

"வெந்துருவடா, கழட்டு," என்றார் மேஸ்திரி.

"மாமனார் வர்றாருண்ணே. பாத்துட்டுப் போகட்டும்."

மாமனார் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு வியர்ப்பதே நின்றுபோயிருந்தது. முகமூடியைக் கழற்றினேன். இரண்டு மாமனார்கள் தெரிந்தார்கள்.

"வாங்க மாமா, ரெண்டு பேரும் வாங்க," என்றேன். நாக்கு குழறியது.

"என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"பொண்ணெல்லாம் அப்புறம் மாமா. அந்தத் தண்ணிப் பானையக் குடுங்க!"

சொல்லிவிட்டு அவர் தோளில் தொங்கி, அவர் வேட்டியிலேயே வாந்தியெடுத்தேன்.

வேறு ஊராக இருந்தால் வெயில் என்று நினைத்திருப்பார். அக்கம்பக்கத்து மாவட்டமெல்லாம் மலிவாகக் குடிக்க வரும் காரைக்காலில், தள்ளாடுகிறவனுக்கு ஒரே காரணம்தான்.

"பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டு நிக்கிறான்! இவனுக்கா என் பொண்ணு?"

அதுவரை நான் அதை மோந்துகூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்வதற்குள் சரிந்துவிட்டேன். மேஸ்திரி கோட்டை உரித்து, நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி விசிறினார். கண் விழித்தபோது பெண்ணின் அப்பா போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மேஸ்திரி ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில், வெட்கம் தாங்காமல் நடையைக் கட்டிவிட்டேன்.

வீடு போய்ச் சேர்ந்து நடந்ததைச் சொன்னபோது அக்கா திட்டவில்லை. "நாளைக்கு சாயங்காலம் நானே போயி, என் தம்பி சொட்டு தொடமாட்டான், அது வெயிலுன்னு சொல்றேன். அதுவரைக்கும் சும்மா கெட."

அக்கா பிள்ளைகள் இன்றும் யார் வீட்டுக்கு வந்தாலும், "ரெண்டு பேரும் வாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டாள். அவள் அம்பகரத்தூர் போகவே இல்லை. சும்மா கிடக்கத் தெரியாத நான், நிழலும் ஃபேனும் இருக்கிறதே என்று, மறுநாள் காலையிலேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பிராந்திக் கடையில், பாட்டில் எடுத்துக் கொடுக்கும் வேலை.