அரைச்சுத்து அண்ணன் முறுக்கிய மூடி

மலாயாவின் கெடாவில் மரை தேய்ந்துபோன ஸ்க்ரூ ஓட்டைகளில் பாதியைச் சரிசெய்தவர் எங்கள் தோட்டத்து வயர்மேன். மீதிப் பாதியைத் தேய்த்தவரும் அவரேதான்.

எதைத் திருகினாலும் கடைசியில் "இன்னும் ஒரு அரைச்சுத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்குவார். அதனால் அவர் பெயரே அரைச்சுத்து ஆகிவிட்டது. அவர் சம்சாரம் ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு லயத்து வரிசையில் வீடு வீடாக வருவார். "யாராச்சும் தொறந்து குடுங்கய்யா, இந்த மனுசன் மூடிட்டுப் போயிட்டாரு!" லயத்துக் குழாயை ஒருமுறை அவர் மூடினார். இரண்டு நாள் நாங்கள் ஆற்றில் குளித்தோம்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன ஆபீசில் ஓர் அதிகாரி உட்கார்ந்தான். நான் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. என் தலைக்கு மேலே சுவரில் மெயின் சுவிட்ச் இரும்புப் பெட்டி. அதன் ஓட்டைகளில் மரையே இல்லை, எல்லாம் அரைச்சுத்தின் கைங்கரியம். ஆலை எஞ்சின் ஓடினால் சுவர் அதிரும், மூடி டமாரென்று விழும். துப்பாக்கிச் சத்தமென்று அதிகாரி மேசைக்கடியில் பாய்வான். வெளியே வந்ததும் அந்த வெட்கத்துக்கு என் கன்னத்தில் பளார்!

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்த நேரம் அது; போனவன் திரும்பியதாகத் தகவலே இல்லை. பட்டியலை டைப் அடித்தவன் நான். முதல் பெயரே அரைச்சுத்து அண்ணன். "பெட்டி சரியாகும்வரை இவன் இங்கே இருக்கட்டும்" என்று அதிகாரி மலாயில் சொன்னான்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணே, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். அந்தப் பெட்டிய மட்டும் ஒழுங்கா செஞ்சிடாதீங்க லா!"

அவர் முகம் சுருங்கியது. "என் வேலைய நானே கெடுக்கணுமா?"

"உசுரு வேணுமா, பேரு வேணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். செம்புக் கம்பி இழையைச் சுருட்டி ஓட்டையில் திணித்துப் பழைய ஸ்க்ரூவை ஏற்றினார். நாலு நாள் தாங்கும். மூடி விழும். எனக்கு அறை. மறுபடியும் கம்பி. இப்படியே மூன்று மாதம் ஓட்டினோம். ஒருநாள் அறையில் என் கடைவாய்ப்பல் ஒன்று விழுந்தது. அண்ணன்தான் அதைக் குனிந்து எடுத்தார்.

மறுநாள் காலை எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். ஈயத்தை உருக்கி ஓட்டைகளை அடைத்து, அதில் புதிதாக மரை போட்டார்.

"என்ன அண்ணே செய்றீங்க? விடுங்க!"

"சும்மா இரு தம்பி."

நாலு ஸ்க்ரூவையும் ஏற்றினார். வழக்கமான அந்த முறுக்குக்காகக் காத்திருந்தேன். கையை எடுத்துவிட்டார்.

"அரைச்சுத்து?"

"ஈயம் மெதுடா. அரைச்சுத்து போட்டா பிச்சிக்கும். அப்புறம் நீதான் அடி வாங்குவ."

அதிகாரி மூடியை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. "பாகூஸ்" என்று பாராட்டினான். வெள்ளிக்கிழமை லாரி வந்தது. நல்ல வேலைக்கு அவன் கொடுத்த பரிசு!

லாரியில் ஏறியபிறகும் அண்ணன் என் கன்னத்தையே பார்த்தார். "வீக்கம் வத்திருச்சா தம்பி?" என்றார். இன்னும் நூறு அறை வாங்கியிருப்பேன், பாவி மனுசன் கேட்டால்தானே?

ஜப்பான்காரன் போனான், துரை திரும்பி வந்தார். மூடி அப்படியே இருந்தது. அண்ணன் வரவில்லை.

இன்றைக்கும் ஊறுகாய்ப் போத்தலை மூடும்போது என் கை தானாக ஒரு அரைச்சுத்து கூடத் திருகிவிடுகிறது. வீட்டில் திட்டுகிறார்கள். திட்டட்டும்.