ஞாயிறு மட்டும் நிற்கும் லாரி

வைனி, டோங்கா

அன்புமிக்க அண்ணன் ஃபெலேதிக்கு,

தம்பி செமிசி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், நீங்கள் ஆக்லாந்திலிருந்து கப்பலேற்றி அனுப்பிய கிழட்டு லாரியைத் தவிர.

திங்கள் முதல் சனி வரை தாழை ஓலைக்கட்டுகளைச் சுமந்துகொண்டு குதிரையாய் ஓடுகிறது. ஞாயிறன்று பாடகர் குழு ஏறி ஆலயத்துக்குப் புறப்பட்டால், முதல் பள்ளத்திலேயே மஞ்சள் விளக்கு எரிந்து இஞ்சின் செத்துப்போகிறது. ஓய்வுநாளில் ஸ்பேனரைத் தொட முடியுமா? ஆலயத்துக்கென்று இடுப்பில் பாய் கட்டிய ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளுகிறோம். தள்ளுவது மட்டும் வேலையில்லையா என்று அடுத்த வீட்டு ஹெனெலி கேட்கிறான். அவனிடம் புது லாரி இருக்கிறது, கேட்பான். திங்களன்று மெக்கானிக் மனாசேயிடம் கொண்டுபோனால் விளக்கும் இல்லை, கோளாறும் இல்லை. “ஒன் வண்டிக்கு நோயில்ல மச்சான், பக்திதான் கம்மி” என்கிறான். பேட்டரி மாற்றினான், ஃபியூஸ் மாற்றினான், கடைசியில் இஞ்சின் சென்சார் போயிருக்கும் என்றான்.

“போயிருக்குமா, போயிருச்சா?”

“ஞாயித்துக்கெழம கொண்டா, பாத்துச் சொல்றேன்.”

“ஞாயித்துக்கெழம பாப்பியா?”

“அதெப்படி, நானும் கோயிலுக்குப் போகணும்ல.”

போன வாரம் நாங்கள் போய்ச் சேரும்போது ஆசீர்வாதமே முடிந்துவிட்டது. “இன்னொரு தரம் நின்னுச்சுன்னா எல்லாரும் ஹெனெலி வண்டியில வாங்கப்பா” என்றார் போதகர். அப்பா வளர்த்த குழு, அண்ணா. அதை அவன் வண்டியில் ஏற்றிவிட்டு நான் பின்னால் நடப்பதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. லாதூ அத்தை வேறு, லாரியின் பின்மூலையில் தன் இடத்தைவிட்டு இறங்காமலே, “ஒங்கண்ணன் அனுப்புனது வண்டியாடா, சவப்பெட்டியாடா?” என்று கேட்டார். அப்பாவின் அக்காவுக்கு நம் ஊரில் யார் எதிர்ப்பேச்சுப் பேசுவது? குனிந்த தலை நிமிராமல் தள்ளினேன்.

ஆகவே குற்றம் உங்கள் சென்சாருடையது. ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது உடனே ஒன்று கொடுத்தனுப்பவும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் வண்டியையாவது காப்பாராக.

தம்பி
செமிசி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. நேற்று சனிக்கிழமை, ஒத்திகை என்று சொல்லிக் குழுவையே மனாசேயின் பட்டறைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொருவராக ஏற்றினேன். அத்தை மூலையில் உட்கார்ந்தார், இஞ்சின் செத்தது. தண்ணீர் குடிக்க இறங்கினார், விளக்கு அணைந்தது. அவர் இடத்துக்கு நேர் கீழே சென்சார் வயர் நசுங்கிக் கிடந்தது. அத்தை திரும்பி வருவதற்குள் மனாசே வயரைத் தள்ளிக் கட்டிவிட்டான். இன்று முதல் மணி அடிக்கும்போதே ஆலயத்தில் இருந்தோம். உங்கள் சென்சார் தங்கம்.

இருந்தாலும் ஒன்று கட்டாயம் அனுப்பவும். “அப்பிடி என்னதான்டா கோளாறு?” என்று அத்தை காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். கையில் எடுத்துக் காட்ட எனக்கு ஏதாவது வேண்டும்.